அலையாத்தி நடுவதற்கு ஊர் சம்மதிக்கலாமா?

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, ஆந்திர எல்லையை நோக்கி நீளும் மணல் திட்டில் இருக்கும் ஒரு மீனவ ஊரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தரக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 42. மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி. கணவர் ஏரியில் பாடு முறைப்படி, அதாவது ஊரார் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் இடத்தில், வலை போடுகிறவர். 2016-இல் வர்தா புயல் ஊரில் பாதிக் கூரைகளைப் பிடுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது ஒரு பக்கம் கடலும் இன்னொரு பக்கம் ஏரியும் ஏறி, மூன்று நாள் வீடு திரும்ப முடியவில்லை. இப்போது ஓர் அறக்கட்டளை, பெரிய நிறுவனம் ஒன்றின் சமூகப் பொறுப்பு நிதியோடு வந்து நிற்கிறது. ஏரிப் பக்கத்துச் சேற்றுத் திட்டில் 25 ஏக்கர் பரப்பில் 1 லட்சம் அலையாத்திக் கன்றுகளை (உப்புநீர்ச் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரம்) ஒரே பருவத்தில் நடப்போகிறார்களாம். நடுகிற பெண்களுக்குக் கன்றுக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்து, மாதக் கடைசிக்குள் குழுவின் சார்பில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

"விஞ்ஞானிகள் இரண்டு தடவை வந்து குச்சி நட்டு அளந்துவிட்டுப் போனார்கள். என்ன தெரிந்தது என்று எங்களிடம் சொல்லவில்லை. படித்தவர்கள் பார்த்த இடம், சரியாகத்தான் இருக்கும் என்று ஊரில் சொல்கிறார்கள். ஆனால் ஏரியில் ஆந்திரா பக்கம் ஒரு தமிழ் ஊரில்தான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்தோம். அங்கே இதேபோல் நட்டதில் ஒன்றரை வருடத்தில் வெறும் குச்சிதான் மிச்சம். எங்கள் ஊர்ப் பையன்கள் கல் கொட்டச் சொல்கிறார்கள். சவுக்கு நடலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். திட்டு ஓரம் இருக்கிற இருளர் பெண்கள் அந்தச் சேற்றில்தான் இறால் பிடிக்கிறார்கள், அவர்கள் பயப்படுகிறார்கள். நிலம் புறம்போக்கு, நாம் என்ன சொல்ல முடியும் என்கிறார் ஊர்ப் பெரியவர். வேண்டாம் என்றால் நாங்கள் இயற்கைக்கு விரோதி என்று பெயர் வருமா? அடுத்த புயலுக்குள் மரம் வளர்ந்து எங்களைக் காப்பாற்றுமா? கார்பன் பணம் வரும் என்கிறார்களே, அது உண்மையா?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் முக்கியமான கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது கையில் இருக்கிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காக வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். பணம் இருக்கிறது, உழைக்க ஆள் இருக்கிறது, ஊருக்குத் தேவையும் இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம். மாற வேண்டியது வேலையின் வரிசை. முதலில் தண்ணீரையும் தரையையும் தெரிந்துகொள்ள வேண்டும், அப்புறம் ஊர்ச் சம்மதம், கன்று அதற்கும் பிறகுதான். அவர்கள் கன்றிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

அங்கே ஏன் இதுவரை மரம் இல்லை?

பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் வெண்கண்டல் என்ற அலையாத்தி வகை தானாக வளர்ந்து நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வெண்கண்டலின் விதை தண்ணீரில் மிதக்கும். மழைக்காலத்தை ஒட்டி உதிர்ந்து, கடல்நீர் ஏறி வரும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஏரி முழுக்கச் சுற்றும். உங்கள் சேற்றுத் திட்டுக்கும் எத்தனையோ வருடங்களாக வந்து ஒதுங்கியிருக்கும். இருந்தும் அங்கே ஒரு மரம்கூட நிலைக்கவில்லை என்றால் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. அது என்னவென்று தெரியாமல் கையால் கொண்டுபோய் நட்டாலும் அதே காரணம் அதே வேலையைச் செய்யும்.

பொதுவாகக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். தரை மிகத் தாழ்வாக இருந்து, நாளில் பெரும்பகுதி தண்ணீருக்குள் கிடக்கலாம். அலையாத்திக்கு உப்புத் தண்ணீர் பழக்கம்தான், ஆனாலும் அதன் வேர் மூச்சுவிட வேண்டும். ஏற்றத்தில் நனைந்து இறக்கத்தில் வெளியே தெரிகிற தரைதான் அதற்கு ஏற்றது. அடுத்தது உப்பு. தண்ணீர் உள்ளே வந்து வெளியேற வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, மண்ணில் உப்பு ஏறிப்போயிருக்கலாம். மூன்றாவது ஆடு மாடு மேய்வது. வெண்கண்டல் தழை ஆட்டுக்குப் பிடித்தமானது.

உங்கள் அக்கா ஊரில் என்ன நடந்தது என்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த விஷயத்தில் எந்த அறிக்கையும் அதைவிட அதிகமாக உங்களுக்குச் சொல்லாது. நிற்கிற குச்சிகளை உற்றுப் பாருங்கள். தண்டில் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிற்றுயிர்) பாசியும் அப்பிக்கிடந்தால், கன்று அதிக நேரம் தண்ணீருக்குள் நின்றிருக்கிறது, இடம் தாழ்வு என்று அர்த்தம். நுனி கடிபட்டிருந்தால் மேய்ச்சல். வெள்ளையாக உப்புப் பூத்த தரையில் இலை கருகி நின்ற இடமே காய்ந்திருந்தால் உப்பு. ஏரி ஒன்றுதான் என்பதால் அவர்கள் கற்ற பாடம் உங்களுக்கும் பொருந்தும்.

இது உங்கள் பக்கத்துப் பிரச்சினை மட்டுமல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 23 இடங்களில், ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அலையாத்தி நட்டார்கள். பின்னாளில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. பல இடங்களில் ஒன்றுகூட இல்லை. தவறான உயரத்தில் நட்டதும், நட்ட பிறகு கவனிக்காததும் முக்கியமான காரணங்கள். பிலிப்பைன்ஸிலும் பல வருடங்கள் கோடிக்கணக்கில் செலவழித்து இதே அனுபவம்தான் கிடைத்தது. சேற்றில் சுலபமாகக் குத்தி நிறுத்தலாம் என்பதற்காக, நீளமான முளை உள்ள சுரபுன்னை இனத்தையே எங்கும் நட்டார்கள். உங்கள் ஒப்பந்தத்திலும் அந்த ஒரே இனம்தான் எழுதியிருக்கிறது என்கிறீர்கள். உங்கள் ஏரியில் தானாக வளர்வது பெரும்பாலும் வெண்கண்டல். அதை விட்டுவிட்டு ஏன் சுரபுன்னை என்று கட்டாயம் கேளுங்கள்.

நம் மாநிலத்திலேயே நல்ல உதாரணம் பிச்சாவரம். முன்பு அங்கே காட்டைப் பட்டை பட்டையாக மொட்டையடித்தார்கள். மரம் போன இடத்தில் தரை அமுங்கிக் குழிவாகி, ஏற்றத்தில் வந்த தண்ணீர் திரும்பிப் போக முடியாமல் தேங்கி, உப்பு ஏறி, மரம் முளைக்காத பொட்டலாகிவிட்டது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து, மீன் முள் போல நடுவில் ஒரு வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால் என்று வெட்டினார்கள். தண்ணீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு இறங்கியது. அதன் பிறகு நட்டது பிடித்தது, விதை விழுந்து தானாக முளைத்ததும் உண்டு. ஆந்திராவில் கோதாவரி, கிருஷ்ணா முகத்துவாரங்களிலும் இந்த முறை பலன் தந்திருக்கிறது. அங்கே காட்டைத் திரும்பக் கொண்டுவந்தது முதலில் மண்வெட்டிதான்.

நீங்களே அளக்கலாம்

விஞ்ஞானிகள் அளந்துவிட்டார்கள், சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டு தடவை வந்து ஓர் ஏரியைத் தெரிந்துகொள்ள முடியாது. பழவேற்காட்டில் ஆரணியாறு பெருகி வரும் மழைக்காலத்துத் தண்ணீர் வேறு, முகத்துவாரம் மணல் தூர்ந்து கிடக்கும் கோடைத் தண்ணீர் வேறு. ஊருக்குள் வந்து அளந்தவர்கள் அதன் முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டும். அது ஆய்வு செய்கிற எங்கள் துறையின் அடிப்படைக் கடமை. எழுத்தில், தமிழில், வரைபடத்தோடு கேளுங்கள். தர மறுத்தால் அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

அதோடு நீங்களும் அளக்க வேண்டும். ஒரே மாதிரி சவுக்குக் கம்புகள் பத்து எடுத்து, சாயப்பொடியைக் குழைத்தோ சுண்ணக்கட்டியாலோ முழுக்கப் பூசுங்கள். ஐந்தைக் கண்டல் தானாக நிற்கிற கால்வாய் ஓரத்திலும் ஐந்தை உங்கள் சேற்றுத் திட்டிலும், ஏற்றத்துக்கு முன்பே தரையில் ஊன்றிவிடுங்கள். தண்ணீர் ஏறிய உயரம் வரை சாயம் கரைந்துபோகும். இறங்கிய பிறகு இரண்டு இடத்திலும் தரையிலிருந்து கரைந்த கோடு வரை சாண் போட்டுப் பாருங்கள். கண்டல் நிற்கும் இடத்தில் அரைச் சாண் தண்ணீரும் உங்கள் திட்டில் இரண்டு சாண் தண்ணீரும் ஏறியிருந்தால், அந்தத் திட்டு மரத்துக்கான இடம் இல்லை. பழவேற்காட்டில் ஏற்ற இறக்கம் சிறியது. ஒரு சாண் வித்தியாசமே பிழைப்பதா சாவதா என்று தீர்மானித்துவிடும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஒன்றும், நடுவில் உள்ள நாட்களில் ஒன்றுமாக, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இதைச் செய்து நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் குழுவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆர்வமாகச் செய்வார்கள்.

உப்புக்கு ஒரு முழம் குழி தோண்டி, ஊறி வரும் தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குழித் தண்ணீரில் அதைப்போல் இரு மடங்கு இருந்தால் வாய்க்கால் வெட்டாமல் நடுவது வீண். சோதிக்கும் கருவி சிறியது. பொன்னேரியில் உள்ள மீன்வளக் கல்லூரியில் இதற்கு உதவி கேளுங்கள், உங்களுக்கு அதுதான் பக்கம். கரை அரிப்பு, கடலோர வரைபடம் பற்றியென்றால் சென்னையில் உள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையத்துக்கு எழுதலாம்.

புயலை எவ்வளவு தடுக்கும்

இதில் மிகையான நம்பிக்கை உயிருக்கே ஆபத்து என்பதால் பளிச்சென்று சொல்கிறேன். அடுத்த புயலுக்குள் எந்தக் கன்றும் உங்களைக் காப்பாற்றாது. நன்றாகப் பிடித்தால்கூட அடர்ந்த அரணாக நிற்கப் பத்து வருடமாவது ஆகும்.

அப்படி வளர்ந்த காடு என்ன செய்யும்? 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திப் பட்டை, அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைப்பதாகப் பல நாட்டு அளவீடுகள் சொல்கின்றன. இது பெரிய விஷயம். கரை அரிப்பையும் படகு உடைவதையும் இது குறைக்கும். ஆனால் புயலோடு கடல் மட்டமே உயர்ந்து உள்ளே வருகிறதே, அந்தப் பெருக்கு வேறு. அதை ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள காடுகூட 4 முதல் 48 சென்டிமீட்டர் வரைதான் குறைக்கிறது. உங்கள் 25 ஏக்கர் என்பது 100 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் நீளம். கணக்கு உங்களுக்கே புரியும். இன்னொன்று, அது இருக்கப்போவது ஏரிப் பக்கம். கடல் பக்கத்து அலைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

1999 ஒடிசா சூப்பர் புயலில் கேந்திரபாரா மாவட்ட ஊர்களை வைத்துச் செய்த ஆய்வில், அகலமான அலையாத்திக் காடு இருந்த ஊர்களில் சாவு குறைவு என்று தெரிந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: காடு காப்பாற்றிய உயிர்களைவிட, அரசின் முன்னெச்சரிக்கையைக் கேட்டு இடம் பெயர்ந்ததால் பிழைத்த உயிர்கள் அதிகம். அதனால் எந்தத் திட்டம் வந்தாலும் புயல் பாதுகாப்பு மையம், இரவில் ஏரியைக் கடக்க உதவும் படகு, வயதானவர்களை முதலில் யார் கூட்டிப்போவது என்ற பட்டியல் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள்.

இறால் பெருகும் என்று சொன்னார்கள் இல்லையா, அது பாதி உண்மை. அலையாத்தி வேர்களுக்குள் இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் ஒளிந்து வளரும். ஆனால் இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகத்தான் ஏரிக்குள் வர வேண்டும், வளர்ந்து அதே வழியில் திரும்ப வேண்டும். முகத்துவாரம் தூர்ந்து கிடக்கிற வருடம் எத்தனை மரம் இருந்தாலும் வலையில் இறால் விழாது. இது உங்கள் கணவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்தச் சேறு காலி நிலம் இல்லை

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இருளர் பெண்களைப் பற்றிய இரண்டு வரிதான். ஆழமில்லாத தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலை, வாயில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைக் கூடையான பறியில் போடுகிற தொழில் அது. வலை இல்லை, படகு இல்லை, முதலீடு இல்லை. ஆனால் ஒன்று வேண்டும்: கை தடையில்லாமல் துழாவுகிற திறந்த சேறு. அங்கே ஏக்கருக்கு 4,000 கன்று நட்டால், நட்ட அன்றே அந்தத் தொழில் முடிந்தது. சுரபுன்னையின் முட்டுவேர் பரவினால் உங்கள் வலையும் அங்கே போகாது.

பூநாரைகளும் இரை தேடுவது இதே ஆழமில்லாத தண்ணீரிலும் சேற்றிலும்தான். ஆந்திரப் பக்கத்துச் சூளூர்பேட்டையில் அந்தப் பறவைகளுக்காகத் திருவிழாவே எடுக்கிறார்கள். மரம் இல்லாத சேற்றுத் திட்டும் ஏரிக்கு ஓர் உறுப்புதான். அதை மரத்தால் நிரப்புவது இயற்கையைச் சீர் செய்வது ஆகாது. ஆகவே "இந்த இடத்தில் வேண்டாம்" என்று சொன்னால் உங்களை யாரும் இயற்கைக்கு விரோதி என்று சொல்ல முடியாது. சொன்னால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

புறம்போக்கு என்றால் பேச்சே இல்லையா?

பெரியவர் சொன்னது பாதிதான் சரி. நிலம் அரசினுடையதாக இருக்கலாம். ஆனால் அதன் பயன்பாட்டில் உங்களுக்கு உரிமையே இல்லை என்பது தவறு.

அந்தத் திட்டு பறவைகள் சரணாலய எல்லைக்குள் வருகிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கத்து ஏரி 1980 முதல் சரணாலயம். உள்ளே வந்தால், தண்ணீர் ஓட்டத்தைத் திருப்பவோ தடுக்கவோ கூட்டவோ வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 29-வது பிரிவின்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். வாய்க்கால் வெட்டுவதும் இதில் அடங்கும். அறக்கட்டளையிடம் அந்த அனுமதி இருக்கிறதா?

சரணாலய நிலம் என்றால் 2006 வன உரிமைச் சட்டமும் பொருந்தும். நீர்நிலைகளில் மீன் முதலானவற்றை எடுக்கும் சமூக உரிமையை அது அங்கீகரிக்கிறது. இருளர்கள் பட்டியல் பழங்குடியினர் என்பதால் அவர்களுக்கு வழி நேரானது. மற்றவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் 75 வருடங்களாக அந்த நிலத்தைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மனு போடுவது கிராம சபையில். மரம் நட்டு வேலி போட்ட பிறகு இந்த உரிமையைக் கேட்பது ரொம்பவும் கஷ்டம், இப்போதே தொடங்குங்கள்.

இன்னொரு சங்கதியை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, 2011-இலும் சரி 2019-இலும் சரி, அலையாத்தி 1,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதைச் சுற்றி 50 மீட்டர் வரை கடும் கட்டுப்பாடுள்ள பகுதியாகிவிடும். 25 ஏக்கர் என்பது ஏறக்குறைய 1 லட்சம் சதுர மீட்டர். காடு வளர்ந்தால் அதன் ஓரத்தில் படகுத் துறையோ மீன் காயவைக்கும் களமோ கட்ட முடியாமல் போகலாம். பாதுகாப்பு நல்லதுதான். ஆனால் எந்த இடத்தில் என்று முடிவு செய்யும்போது துறை, களம், வீடு எல்லாவற்றையும் மனதில் வைத்து, தள்ளி இடம் பாருங்கள். கடலோர வரைபடத்தில் உங்கள் துறையும் களமும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோரக் குழுவுக்கு எழுதுங்கள். அதில் மீனவப் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு.

ஒப்பந்தத் தாள்

நீங்கள் நகல் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. "ஊரின் முழு ஒப்புதலோடு" என்று எழுதி, கீழே குழுத் தலைவியின் கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள். உங்கள் கையெழுத்து ஊரின் கையெழுத்து ஆகாது. நாளைக்கு இருளர் குடும்பங்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள். கிராம சபைத் தீர்மானம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சட்டப்படியும் ஊர் முறைப்படியும் அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

கன்றுக்கு இவ்வளவு கூலி என்பது எண்ணிக்கையைத்தான் கூட்டும். எத்தனை பிழைத்தது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அதே பணத்தை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு, வாய்க்கால் தூர் வார, ஆடு மேயாமல் பார்த்துக்கொள்ள, அளந்து எழுத என்று பெண்களுக்கு மாதக் கூலியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். மொத்தத் தொகை அதிகமாகாது, வேலை நிலைக்கும்.

கார்பன் பற்றிய வரி: "உருவாகும் அனைத்து கார்பன் உரிமைகளும் நிதி வழங்குபவரைச் சேரும்." அப்படியென்றால் உங்களிடம் வாயால் சொன்னதும் தாளில் உள்ளதும் வேறு வேறு. அலையாத்தி நிலம், அதிலும் அதன் மண், நிறைய கார்பனைப் பிடித்து வைக்கும் என்பது உண்மை. அதை விற்கக்கூடிய சான்றாக மாற்ற வெளியாட்கள் வந்து அளந்து சரிபார்க்க வேண்டும், பல வருடத்துக்கு உறுதி தர வேண்டும், அதற்கெல்லாம் செலவு உண்டு. 25 ஏக்கருக்கு அந்தச் செலவே கட்டுப்படியாவது சந்தேகம். இந்தப் பணத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஊரின் பங்கு எவ்வளவு, எத்தனை வருடம், மரம் செத்தால் யார் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள்.

கல், சவுக்கு, மணல் மேடு

கல் கேட்கிற பையன்களின் பயம் நியாயமானது. அலை வீட்டுக்கு வரும்போது கண்ணுக்குத் தெரிகிற ஒன்று வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் நம் கிழக்குக் கரையில் மணல் வருடத்தின் மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தின்றது. கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டும் தூண்டில் வளைவு போட்டால் உங்கள் ஊருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே இருக்கும் ஊர் கரையும். அவர்களும் உங்கள் உறவுக்காரர்கள்தான். வேறு வழியே இல்லாத இடத்தில் கல் தேவைப்படலாம். அதை ஓர் ஊர் தனியாக முடிவு செய்யக் கூடாது.

கடல் பக்கம் உங்களுக்கு இருக்கிற அரண் மணல் மேடுதான். அதில் சவுக்கு வேண்டாம். மேட்டுக்குப் பின்னால், சொந்த நிலத்தில் விறகுக்கும் கம்புக்கும் நடுவதை நான் குறை சொல்லவில்லை. கடலைப் பார்த்த முன்மேட்டில் நட்டால், உதிர்ந்த சருகு மூடி அடியில் எதுவும் முளைக்காது, பெருங்காற்றில் வேரோடு சாயும், ஆமை முட்டையிடும் மணலும் போகும். அங்கே அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் இருக்க வேண்டும். அடும்பு மணலின் மேல் படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும், மணல் மூடினால் மேலே ஏறி வரும். மேடு உடைந்த இடத்தில் காற்றுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குப் பனையோலைத் தட்டி நட்டு வையுங்கள். காற்று கொண்டுவரும் மணல் அதன் அடியில் சேரும். தட்டி புதைந்ததும் அதன் மேல் இன்னொன்று. சேர்ந்த மணலில் மழை தொடங்கியதும் அடும்புத் துண்டுகளை ஊன்றுங்கள்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம், யார் பிழைப்பும் கெடாது. கூடவே இன்னொரு பலன். மணல் மேட்டுக்குள் இறங்கும் மழைநீர்தான் உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராகத் தங்கி உங்கள் ஊற்றுக்கு வருகிறது. மிக்ஜாமுக்குப் பிறகு ஊற்று உவர்த்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மேடு வளர்ந்து நல்ல மழை இறங்கினால் அது படிப்படியாகத் தெளியும். மணல் அள்ளுவதை ஊரே நிறுத்த வேண்டும், வீடு கட்டுகிற உள்ளூர்க்காரர் உட்பட.

இப்போது என்ன செய்வது

அறக்கட்டளைக்குக் கடிதமாக எழுதிவிடுங்கள். இந்த மாதிரி இருந்தால் போதும்: "உங்கள் உதவியை வரவேற்கிறோம். முதல் ஒரு வருடம் நீர்மட்டமும் உப்பும் அளப்பதற்கு உதவி வேண்டும். இதுவரை அளந்த விவரங்களைத் தமிழில் தர வேண்டும். இருளர் பெண்கள் தொழில் செய்யும் சேற்றுத் திட்டைத் தவிர்த்து, கால்வாய் ஓரம் கண்டல் அழிந்துபோன பகுதியில் வாய்க்கால் திறந்து, இயற்கையாக முளைப்பதற்கு முதலிடம் தர வேண்டும். மணல் மேட்டு வேலையை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். கிராம சபைத் தீர்மானத்துக்குப் பிறகு ஒப்பந்தம்." கால்வாய் ஓரத்தில் வேலிகாத்தான் மண்டிய இடத்தில் முன்பு கண்டல் இருந்தது என்று உங்கள் மாமியார் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அங்கிருந்தே அளக்கத் தொடங்குங்கள்.

நிதி கொடுப்பவர்கள் இந்த வருடத்துக்குள் 1 லட்சம் கன்று என்ற கணக்கைக் காட்டியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் விட்டுவிடுங்கள். அலையாத்திக்கு ஒன்றிய அரசின் மிஷ்தி திட்டம் 2023 முதல் இருக்கிறது, மாநில அரசின் ஈரநில இயக்கமும் காலநிலை மாற்ற இயக்கமும் இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியரின் கீழ், மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். நீங்கள் அளந்து எழுதிய நோட்டோடு அவரிடம் போனால், வெறுங்கையோடு மனு கொடுப்பவரைவிட உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

அறக்கட்டளைக்கு எழுதும் கடிதத்தின் நகலை அவருக்கும் மீன்வளத் துறை உதவி இயக்குநருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சரணாலய எல்லை, அனுமதி பற்றிய கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அப்புறம் கூட்டம். இருளர் பெண்கள் தொழிலுக்கு இறங்குவது தண்ணீர் வற்றுகிற நேரத்தில். அந்த நேரத்தில் கூட்டம் போட்டுவிட்டு "அழைத்தோம், அவர்கள் வரவில்லை" என்று எழுதுவது நடக்கிற கதைதான். அவர்களிடம் முதலில் போய் எந்த நாள், எந்த நேரம் ஒத்துவரும் என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கூட்டத்துக்குத் தேதி குறியுங்கள்.